பாஸ் நல்லவரா என்று கேட்காதீங்க, கழற்றின சாமான் எங்கே என்று கேளுங்க



நீளமான பதிவு. வேன், ஓட்டோ, பைக் என்று வீட்டில் ஒரு சக்கரமாவது உருளுகிற எல்லாரும் வாசிக்கணும். பிள்ளையை ஸ்கூல் வேனில் அனுப்புகிறவர்கள் இரண்டு தடவை வாசிக்கணும்.

நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் இரண்டு கிழமையாக ஒரு கராஜ்காரரின் போட்டோ சுற்றுது. கீழே "கள்ளன், யாரும் போகாதீங்க" என்று எழுதி, கூடவே கோபமான வொய்ஸ் ஒன்று. பிரேக் வேலை செய்து கொடுத்தாராம், பத்து நாளில் மறுபடி சத்தம் வருதாம், சல்லியை அடிச்சிட்டாராம். குற்றச்சாட்டு அவ்வளவுதான். என்ன சாமான் போட்டது, அதை யார் வாங்கிக் கொடுத்தது, சத்தம் வந்த பிறகு வண்டியைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினாரா, ஒன்றும் வொய்ஸில் இல்லை. ஆனாலும் எல்லாரும் பகிர்ந்தாங்க. அந்த மனுஷருடைய பிள்ளை மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டால் காய்ச்சல் என்று பதில். அது என்ன காய்ச்சல் என்று எனக்கும் தெரியும், வகுப்பில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதே நாட்களில் இன்னொரு குழுமத்தில் ஒருவர் நல்ல பாஸ் ஒருத்தரைச் சொல்லுங்க என்று கேட்டிருந்தார். வந்த பதில்களைப் பாருங்க. "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், அஞ்சு நேரம் தொழுகிறவர்." "சிங்கள பாஸ்ட போகாதீங்க, தலையைத் தடவிடுவான்." "இங்க ஒருத்தனும் சரியில்ல, புத்தளம் டவுனுக்கே கொண்டு போங்க." கழற்றின சாமானைக் கையில் தருவார் என்று ஒருவர் எழுதவில்லை. பில் எழுதித் தருவார் என்று ஒருவர் எழுதவில்லை. இதை மாற்றத் தேவையில்லை என்று சொல்லி ஒரு தடவை என்னைத் திருப்பி அனுப்பினார் என்றும் யாரும் எழுதவில்லை.

ஆக, நாம் ஒருவரை நம்புவதற்கும் உருப்படியான காரணம் இல்லை, நம்பாமல் விடுவதற்கும் இல்லை. இதைத்தான் நான் இன்றைக்குக் கேள்வி கேட்கிறேன்.

தொழுகையை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீங்க டீச்சர் என்று சிலர் வருவீங்க. இழுத்தது நானில்லை. உமர் (ரழி) அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று ஜும்ஆவில் நாம் பல தடவை கேட்டதுதான். ஒருவரைத் தனக்கு நன்றாகத் தெரியும், நல்ல மனிதர் என்று இன்னொருவர் சான்று சொல்கிறார். உமர் அவர்கள் கேட்ட கேள்விகள் மூன்று. நீ அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனா? அவரோடு பிரயாணம் போயிருக்கிறாயா? அவரோடு பணக் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறாயா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்ததும், பள்ளியில் தலையைக் குனிந்து நிமிர்த்துவதைப் பார்த்திருப்பாய், உனக்கு அவரைத் தெரியாது என்று அனுப்பிவிட்டார்கள். கலீபாவுக்கு ஸஃப்பில் நிற்பது போதவில்லை. நமக்கு மட்டும் தாடியும் தொப்பியும் பிரேக் லைனருக்கு உத்தரவாதமாகத் தெரியுது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்ததும் நமக்குத் தெரிந்த ஹதீஸ்தான். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். அவர்கள் அந்த வியாபாரியின் பரம்பரையையோ வணக்கத்தையோ விசாரிக்கவில்லை. கையை உள்ளே விட்டார்கள். பிறகு, நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே, ஆட்கள் பார்த்திருப்பார்களே என்று கேட்டார்கள். கராஜில் நாம் செய்ய வேண்டியதும் அதுதான். ஈரமான பக்கத்தை மேலே வைக்கச் சொல்வது.

அடுத்தது "சிங்கள பாஸ்" கதை. 2019 ஏப்ரல் குண்டுகளுக்குப் பிறகு முஸ்லிம் கடையில் வாங்காதே, முஸ்லிமின் ஓட்டோவில் ஏறாதே என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மே 13ஆம் திகதி நம்ம மாவட்டத்திலேயே, கொட்டாரமுல்லையில், ஒரு சகோதரரை வெட்டிக் கொன்றார்கள். மரவேலை செய்து பிழைத்த மனுஷர். இனத்தைப் பார்த்து ஒரு தொழிலாளியைக் கள்ளன் என்று முடிவு கட்டினால் அது எங்கே போய் நிற்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அப்போது அழுத அதே வாயால் இப்போது சிங்கள பாஸ், தமிழ் பாஸ், நம்ம பாஸ் என்று பிரிக்கிறோம். வண்ணாத்திவில்லுவில் மூன்று சமூகமும் ஒரே றோட்டில் ஒரே பள்ளத்தில்தான் விழுந்து எழும்புது. அந்தப் பள்ளம் சொக் அப்சோபரிடம் மதம் கேட்பதில்லை.

சரி, அப்போ எதை வைத்து நம்புவது?

முதலில் ஒரு விசயத்தை ஒத்துக்கொள்ளணும். இது தக்காளி வாங்குவது மாதிரி இல்லை. தக்காளியைத் தொட்டுப் பார்க்கலாம். பிரியாணி கடை என்றால் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி போகாமல் விடலாம். வாகனத் திருத்தம் அப்படியில்லை. வேலை முடிந்த பிறகும், அந்த வேலை உண்மையில் தேவைப்பட்டதா என்று நமக்குத் தெரியாது. டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1973இல் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் எடுத்த உதாரணமே வாகனத் திருத்தம்தான். நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்தை விற்பவரும் ஒரே ஆளாக இருக்கிற இடத்தில், வாங்குகிறவர் எப்போதும் இருட்டில் நிற்கிறார் என்பதுதான் விசயம். மெக்கானிக் கெட்டவராக இருக்கணும் என்றே இல்லை. அந்த இருட்டு போதும். வெளிச்சம் போடுகிற வேலையை நாம் செய்யவில்லை என்றால் நல்லவரும் சந்தேகத்தோடுதான் வாழணும். கெட்டவர் அதே இருட்டில் சௌகரியமாக இருப்பார்.

வெளிச்சம் என்றால் பெரிய விசயம் ஒன்றுமில்லை. மாற்றினேன் என்று சொல்கிற பழைய சாமானைக் கேளுங்க. நம்ம ஊர் கராஜில் இதைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. ஏதோ அவமானப்படுத்துகிற மாதிரி நினைக்கிறோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1971இலேயே சட்டம் வந்துவிட்டது. வேலைக்கு முன்னால் மதிப்பீட்டை எழுத்தில் கொடுக்கணும், கேட்டால் கழற்றின பாகத்தைக் காட்டணும், அல்லது திருப்பிக் கொடுக்கணும். நமக்கு அப்படி ஒரு சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. "பாஸ், பழசை ஒரு பேக்கில் போட்டுத் தாங்க" என்று சொன்னால் போதும்.

கையில் வந்தால் பாருங்க. டிஸ்க் பிரேக் பேட் புதிதாக இருக்கும்போது உரசும் பகுதி 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 3 மில்லிமீற்றரை நெருங்கினால் மாற்ற வேண்டிய நேரம். பிள்ளையின் அடிமட்டத்தால் அளக்கலாம், இஞ்சினியர் தேவையில்லை. 7 மில்லிமீற்றர் மீதி இருக்கும் பேடைக் கழற்றிப் போட்டிருந்தால் அங்கே கேள்வி கேளுங்க. பின் சக்கர ட்ரம்மைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்க. வீல் சிலிண்டரைச் சுற்றி ஈரம் இருந்தால் பிரேக் ஒயில் கசியுது. அந்த இடத்தில் லைனரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர் மலிவாக முடித்துத் தருகிறார் என்று சந்தோசப்படாதீங்க. ஒயில் ஊறின லைனர் பிடிக்காது.

அந்த வொய்ஸில் வந்த சத்தத்துக்கும் இதுதான். புது பேட் போட்ட பிறகு கீச்சென்று சத்தம் வர பல காரணம் இருக்கு. டிஸ்கில் பள்ளம் விழுந்திருக்கலாம், மலிவு விலைப் பேட் கடினமாக இருக்கலாம், மணல் தூசி ஏறியிருக்கலாம். எலுவன்குளம் பக்கம் ஒரு தடவை போய் வந்தால் தூசிக்குப் பஞ்சமா? சில பேடில், தேய்ந்து முடியும்போது சத்தம் போட்டுச் சொல்லவே ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறாங்க. சத்தம் வந்தது என்பது களவு நடந்ததற்குச் சாட்சி இல்லை. திரும்பக் கொண்டுபோனபோது பாஸ் என்ன செய்தார் என்பதுதான் சாட்சி. அதை நம்ம போட்டோ வீரர் சொல்லவே இல்லை.

இப்போ புதிய நோய் ஒன்று, ஸ்கேன். மெஷினைக் குத்தி ஒரு நம்பரைக் காட்டி, கொம்பியூட்டரே சொல்லுது என்று சாமான் மாற்றுவது. கொம்பியூட்டர் அப்படிச் சொல்வதில்லை. பீ 0420 என்று ஒரு கோட் வந்தால், புகைக்குழாயில் இருக்கிற கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை என்று சென்சர் கணக்கில் தெரியுது, அவ்வளவுதான். கொன்வேர்ட்டர் பழுதாக இருக்கலாம், அந்த சென்சரே பழுதாக இருக்கலாம், குழாயில் ஓட்டை இருக்கலாம். காய்ச்சல் 102 என்று தேமாமீற்றர் சொன்னால் டெங்கு என்று அர்த்தமா? கோட்டைப் பார்த்த பிறகு வேறு என்ன சோதித்தீங்க என்று கேளுங்க. பதில் சொல்லத் தெரிந்தவர் வேலை தெரிந்தவர். "உங்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்று சொன்னால் திறப்பை வாங்கிக்கொண்டு வாங்க.

பெண்களுக்கு அந்த வசனம் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். நான் ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகிறவள். கேள்வி கேட்டது நான், பதில் சொல்வது என்னோடு வந்த தம்பிக்கு. அவனுக்கு ஸ்பார்க் பிளக் எது, பியூஸ் எது என்று தெரியாது! ராத்தா, டீச்சர் என்று மரியாதையாகக் கூப்பிடுவதெல்லாம் சந்தோசம்தான். காசு யாருடைய கையிலிருந்து வருதோ அந்த முகத்தைப் பார்த்து விளக்கம் சொல்வதும் மரியாதைதான். விதவைகள், மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற தாய்மார் எத்தனை பேர் இந்த ஊரில் வண்டி வைத்திருக்கிறாங்க? ஆம்பிளை ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போனால்தான் நியாய விலை என்றால், அது வியாபாரம் இல்லை.

பில். இதுக்குத்தான் எல்லாரும் முகம் சுளிக்கிறாங்க. "நம்பிக்கை இருக்கிற இடத்தில் பில் என்னத்துக்கு டீச்சர்?" அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று போய்ப் பாருங்க. ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது. சாட்சி வைக்கச் சொல்லுது, சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்க வேண்டாம் என்கிறது. நம்பிக்கை இல்லாத காபிர்களோடு மட்டும் எழுதுங்கள் என்று அங்கே இல்லை. ஒரு கொப்பித் தாளில் சாமானின் பெயர், விலை, கூலி தனியாக, திகதி, கிலோமீற்றர். ஐந்து வரி. எழுதத் தெரியாத பாஸ் என்றால் நாம் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமையும்கூட. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். சேவையில் குறை என்றால் 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், 1977க்கு அழைக்கலாம். பில் இல்லாமல் என்னத்தைக் காட்டி முறையிடப் போறீங்க? வட்ஸ்அப் வொய்ஸையா?

இதுவரை கராஜ்காரர்களுக்குச் சொன்னேன் என்று சந்தோசப்பட்டவர்கள் இதையும் வாசிங்க.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. தனியார் வாகனம் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருசம் இந்த நாடு பழைய வாகனத்தில்தான் ஓடியது. இன்றைக்கும் வரியோடு புது வாகனம் நமக்கு எட்டாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் 360ஐத் தாண்டியபோது பஞ்சிகாவத்தையில் சாமான் விலை எங்கே போனது என்று ஓட்டோ வைத்திருப்பவர்களைக் கேளுங்க. அந்தக் காலத்தில் டொல்பின் வேனையும் டிமோ பட்டாவையும் பஜாஜையும் நம்ம வீட்டு வாசலில் உயிரோடு வைத்திருந்தது யார்? இந்தக் கராஜ்காரர்கள்தான். கம்பியும் வெல்டிங்கும் வைத்துக்கூட ஓட வைத்தாங்க. களப்புக் காற்றின் உப்பு பிரேக் குழாயை அரித்துத் தின்கிற ஊரில் இது சின்ன வேலை இல்லை.

அவங்களுக்கு நாம் செய்தது என்ன? "ஒரிஜினல் வேணாம் பாஸ், இருக்கிறதில் மலிவானதைப் போடுங்க" என்று நாமே சொல்லிவிட்டு, அது இரண்டு மாதத்தில் போனதும் "டூப்ளிகேட்டைப் போட்டு ஏமாத்திட்டான்" என்கிறோம். வேலை முடிந்ததும் "ஜும்ஆவுக்குப் பிறகு தாரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய், பிறகு அந்தக் கராஜ் இருக்கிற றோட்டையே மாற்றி ஓடுகிறோம். கூலிக்காரனின் வியர்வை காய முன்னால் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்த வியர்வை காய்ந்து உப்பாகி உதிர்ந்து போகுது. கடன்காரர் வாங்கின சாமானுக்கும் கடைக்கு பாஸ்தான் பொறுப்பு. அந்த ஓட்டையை எங்கே அடைப்பார்? அடுத்து வருகிற அப்பாவியின் பில்லில். காசு கொடுக்காமல் போனவரின் பங்கும் அந்தக் களவில் இருக்கு.

கொமிஷன் விசயத்தையும் மறைக்க வேண்டாம். பாஸ் ஆள் அனுப்பினால் சாமான் கடை அவருக்கு ஒரு பங்கு வைக்கிற வழக்கம் இருக்கு என்று எல்லாருக்கும் தெரியும், பேச மாட்டோம். இது சின்னக் கராஜின் குணம் என்று நினைக்காதீங்க. அமெரிக்காவில் சியர்ஸ் என்ற மிகப் பெரிய நிறுவனத்தின் வாகனத் திருத்த நிலையங்கள் மீது 1992இல் கலிபோர்னியா அரசு நடவடிக்கை எடுத்தது. அதிகாரிகள் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வாகனங்களைக் கொண்டுபோனாங்க. பெரும்பாலான தடவை தேவையில்லாத வேலைக்குக் காசு கேட்கப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் பிறவிக் கள்ளர்களா? இத்தனை சொக் அப்சோபர், இத்தனை பிரேக் விற்கணும் என்று இலக்கும், விற்றதுக்குப் பங்கும் கொடுத்திருந்தாங்க. அவ்வளவுதான் காரணம். பிறகு அந்தப் பங்கு முறையை நிறுத்தினாங்க. நாமும் ஒன்று செய்யலாம். பாஸின் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் நேராகக் கொடுப்போம், சாமானைக் கடையில் நாமே பில்லோடு வாங்குவோம். கூலியை 500 ரூபாவால் வெட்டிவிட்டு அவர் சாமானில் எடுக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமா?

கடைசியாக என் சொந்தத் தொழிலுக்கு. இதை எழுதினால் சக ஆசிரியர்கள் சிலர் கோபப்படுவாங்க, பரவாயில்லை. கணக்கு வராத பொடியனைப் பார்த்து "உனக்குக் கராஜ்தான் சரி" என்று சொல்கிற வழக்கம் நம்ம பாடசாலைகளில் இன்னும் இருக்கு. தண்டனை மாதிரிச் சொல்கிறோம். பிறகு அதே பொடியன் கையில் நம்ம பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஏறுகிற வேனின் பிரேக்கைக் கொடுக்கிறோம். எதற்கும் உதவாதவன் என்று நீங்கள் முத்திரை குத்தியவனிடம் உயிரைக் கொடுக்கிறீங்களே, உங்கள் கணக்கு எந்தக் கணக்கு? கல்வியியற் கல்லூரியில் மூன்று வருசம் படித்துவிட்டு வந்த நமக்கு இது விளங்கணும்.

வேன்காரர்களிடம் கேட்டால் புகைச் சான்றிதழ் எடுத்திருக்கேன் என்று காட்டுறாங்க. 2008இல் வந்த அந்தச் சோதனை புகையை அளக்கும். பிரேக்கைத் தொட்டும் பார்க்காது.

கராஜுக்குப் போகிற பொடியன் படித்துப் போகலாம். சாதாரண தரம் சித்தியடையாதவர்களும் பாடசாலையிலேயே தொழிற்பாடம் தொடரலாம் என்று 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி 2017இல் வந்தது. 1959இல் ஆரம்பித்து இப்போது மொரட்டுவையில் இருக்கிற இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கு. ஏற்கனவே பத்துப் பதினைந்து வருசம் வேலை செய்த பாஸ்மாருக்கு, வகுப்பில் இருக்காமலே, அவங்க அனுபவத்தைச் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் தருகிற முறை இருக்கு. நைட்டாவில் கேட்கலாம். நம்ம ஊரில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்? பள்ளி நிர்வாகமும் வாலிபர் சங்கங்களும் வருசா வருசம் கிரிக்கெட் போட்டிக்குக் கப் வாங்குறீங்க. ஒரு வருசம் இந்த விண்ணப்பத்தை நிரப்ப ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்க. படிவம் நிரப்ப நான் வாரேன்.

சான்றிதழ் இருக்கிறவர் ஏமாற்ற மாட்டார் என்று நான் சொல்லவில்லை. சியர்ஸ்காரர்களிடமும் சான்றிதழ் இருந்தது. ஆனால் வேலை தெரியாமல் அனுமானத்தில் சாமான் மாற்றுகிறவருக்கும், தெரிந்துகொண்டே தேவையில்லாததை மாற்றுகிறவருக்கும் நம்ம பையிலிருந்து போகிற காசு ஒன்றுதான். முதலாமவரைப் படிப்பித்துத் திருத்தலாம். இரண்டாமவரைப் பழைய சாமானும் பில்லும் பிடித்துக் கொடுக்கும்.

அந்தப் போட்டோவைப் பரப்பினவர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் உமர் அவர்களின் மூன்று கேள்வியில் எதுக்குப் பதில் வைத்திருந்தீங்க? பாதிக்கப்பட்டவர் உண்மையில் ஏமாற்றப்பட்டிருந்தால் அவருக்கு உரிமை இருக்கு, நானும் அவர் பக்கம்தான். வண்டியையும் சாமானையும் எடுத்துக்கொண்டு இரண்டு பெரியவர்களோடு கராஜுக்குப் போங்க. வேறொரு பாஸைக் கூட்டிக்கொண்டு போய்க் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்க. பிழை என்றால் காசைத் திருப்பிக் கேளுங்க, கொடுக்காவிட்டால் முறையிடுங்க. பிழை இல்லை என்றால் எந்தக் குழுமத்தில் கள்ளன் என்று போட்டீங்களோ அதே குழுமத்தில் மன்னிப்புப் போடுங்க. தனியாகப் போய்க் காதில் சொல்வது கணக்கில்லை. பிள்ளை வாசித்தது குழுமத்தில்.

இந்தப் பதிவின் கீழே எந்தக் கராஜின் பெயரையும் போடாதீங்க, நல்லதுக்கும் வேண்டாம் கெட்டதுக்கும் வேண்டாம். போட்டால் அழிப்பேன். எழுதுவதென்றால் இதை எழுதுங்க: கடைசியாக வண்டி வேலைக்குக் கொடுத்தபோது கழற்றின சாமான் உங்கள் கைக்கு வந்ததா, பில் வந்ததா, கூலியை அன்றைக்கே கொடுத்தீங்களா. மூன்றுக்கும் ஆம், இல்லை என்று மட்டும்.